இளைஞர்க்கு ஓர் அரங்கு: 1954ஆம் ஆண்டு ஃபஜர் வழக்கும் நம் மாணவர் மன்றங்களும்

இளைஞர்கள் தங்கள் எதிர்காலத்தைப் பற்றித் தாங்களே கூடிப் பேசுவதற்கு ஓர் அரங்கு வேண்டும் என்பதை மறுப்பார் இன்று எவரும் இலர். ஆண்டுவிழா மேடைகளில் இது தவறாமல் சொல்லப்படும் கருத்து. ஆயினும் அத்தகைய அரங்கு ஒன்று உண்மையாகவே அமைந்து, அதிலே இளைஞர்கள் தாம் நினைத்ததைப் பேசியும் எழுதியும் விட்டபின், அதைக் கொடுத்த பெரியவர்கள் எவ்வாறு நடந்துகொண்டார்கள் என்பதை நாம் எண்ணிப் பார்ப்பது குறைவு. அதற்கு ஏற்ற நிகழ்ச்சி ஒன்று 1953, 1954ஆம் ஆண்டுகளில் சிங்கப்பூரில் நடந்தது. அதே ஆண்டுகளில் தமிழ்ப் பிள்ளைகளுக்கும் வேறொரு வகையான அரங்கு கிடைத்தது. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்ப்பது தமிழாசிரியர்களாகிய நமக்குப் பயன்தரும் என்று கருதியே இதை எழுதலானேன்.

மலாயாப் பல்கலைக்கழகம் 1949 அக்டோபர் 8ஆம் நாள் தோன்றியது. சிங்கப்பூரில் இருந்த ஏழாம் எட்வர்டு மன்னர் மருத்துவக் கல்லூரியையும் ராபிள்ஸ் கல்லூரியையும் இணைத்து அதனை உண்டாக்கினார்கள். நாட்டில் அப்பொழுது அவசரகாலம். 1948 ஜூன் மாதம் பிறந்த அவசரகாலச் சட்டங்களின்படி எவரையும் விசாரணையின்றிச் சிறைவைக்க அரசாங்கத்திற்கு அதிகாரம் இருந்தது. அரசியல் என்ற சொல்லை வாயில் எடுக்கவே பெற்றோர் அஞ்சிய காலம் அது. மகன் மருத்துவராக வேண்டும், அல்லது அரசாங்க உத்தியோகத்தில் அமர வேண்டும். அதற்குமேல் பல்கலைக்கழகத்திடம் எந்தக் குடும்பமும் எதையும் எதிர்பார்த்ததில்லை.

எனினும் அப்பல்கலைக்கழகத்தில் இருந்த இளைஞருட் சிலர் வேறுவகையாக எண்ணத் தலைப்பட்டனர். ஆசியாவில் இந்தியா, இந்தோனேசியா, பர்மா, இலங்கை ஆகிய நாடுகள் ஒன்றன்பின் ஒன்றாக விடுதலை பெற்றுக்கொண்டிருந்தபோது, மலாயாவின் முறை எப்பொழுது வரும், வரும்போது அந்நாடு யாருடைய நாடாக இருக்கும் என்ற கேள்விகள் எழுவது இயல்புதானே? ஆங்கிலேய எதிர்ப்புக் கழகம் என்ற மறைமுக இயக்கத்தோடு தொடர்புடையவர்கள் என்று 1951 ஜனவரியில் மாணவர் சிலரும் வெளியார் சிலரும் பிடிக்கப்பட்டனர். மாணவருள் ஒருவர் ஜேம்ஸ் புதுச்சேரி. நேதாஜியின் இந்திய தேசிய இராணுவத்தில் சேர்ந்து இம்பால் போர்முனைவரை சென்று திரும்பியவர் அவர். அதே வேட்டையில் அகப்பட்ட சி. வி. தேவன் நாயர் என்னும் ஆசிரியர், பிற்காலத்தில், 1981 முதல் 1985 வரை, சிங்கப்பூரின் அதிபராக விளங்கினார் என்பதையும் இங்கே நினைவு கூரலாம். காலம் செய்யும் விந்தை அது.

இக்கைதுகளுக்குப் பிறகு, மாணவர் இருட்டிலே கூடிப் பேசுவதைக் காட்டிலும் வெளிச்சத்திலே பேசுவது எல்லோர்க்கும் நல்லது என்ற எண்ணம் பல்கலைக்கழகத்தில் வலுப்பெற்றது என்று கொள்ளலாம். 1952இல் துணைவேந்தராக வந்த சர் சிட்னி கெயின் காலத்தில் மாணவர் அரசியல் கழகங்களுக்கு இடம் தரப்பட்டது. 1953 பிப்ரவரியில் பல்கலைக்கழகச் சோசலிஸ்டுக் கழகம் பிறந்தது. அதன் முதல் தலைவர் வாங் கங்வூ. ஈப்போவில் வளர்ந்த அவ்விளைஞர், பின்னாளில் கடல் கடந்த சீனர் வரலாற்றில் உலகம் போற்றும் பேரறிஞராகத் திகழ்ந்தார்.

கழகத்தார் எதைப் பேசினார்கள்? மலாயாவும் சிங்கப்பூரும் ஒரு நாடாக விடுதலை பெறுமா, மலாய்க்காரர், சீனர், இந்தியர் என்ற மூவரும் ஒரு தேசத்தாராக எவ்வாறு ஆவது, ரப்பரும் ஈயமும் யார் கையில் இருக்கின்றன, பொதுமொழி எது என்பவைதாம் அவர்கள் நெஞ்சை அரித்த வினாக்கள். மொழியைப் பற்றி ஓர் இடைக்குறிப்பு. அக்காலப் பல்கலைக்கழகக் கவிஞர் சிலர், மலாயாவுக்கென்று புதியதோர் இலக்கிய நடை காண விரும்பி, அதற்கு ‘எங்மால்சின்’ என்று பெயரிட்டனர். ஆங்கிலம், மலாய், சீனம் ஆகிய மூன்றன் தலையெழுத்துகளையும் ஒட்டி ஆக்கிய பெயர் அது. தமிழுக்கு அதிலே ஓரெழுத்தும் கிடைக்கவில்லை. குறை சொல்வதற்காக இதைக் குறிப்பிடவில்லை. நல்ல எண்ணம் படைத்த இளைஞர்கள் கூடி எதிர்காலத்தைத் திட்டமிடும்போதும், அவ்விடத்தில் இல்லாதவர்களின் பெயர் விட்டுப்போவது இயற்கை.

கழகம் ‘ஃபஜர்’ என்ற ஆங்கில ஏடு ஒன்றை வெளியிட்டது. ஃபஜர் என்பது விடியலைக் குறிக்கும் மலாய்ச் சொல். (ஆய்த எழுத்தைப் போட்டு எழுதுவது இலக்கண அன்பர்களுக்குப் பிடிக்காது என்பதை அறிவேன். ஆனால் அதை விட்டுவிட்டால் விடியல் கடைத்தெருவாகிவிடும் அபாயம் இருப்பதால் பொறுத்தருள்க.) சில பக்கங்களே கொண்ட சிறு ஏடுதான். மாணவரே எழுதி, மாணவரே விற்றனர்.

1954ஆம் ஆண்டு பிறந்தது. பதினெட்டு முதல் இருபது வயதுவரை உள்ள இளைஞர்களைத் தேசிய சேவைக்குப் பதியச் சிங்கப்பூர் அரசாங்கம் சட்டம் செய்திருந்தது. வாக்குரிமை இல்லாதவர்கள், நாடு தமக்குச் சொந்தமா என்பதே தெரியாதவர்கள், யாருக்காகத் துப்பாக்கி ஏந்துவது என்று சீன உயர்நிலைப்பள்ளி மாணவர்கள் கேட்டனர். மே 13ஆம் நாள் அவர்களுக்கும் போலீசாருக்கும் கைகலப்பு ஏற்பட்டது. பலர் காயமுற்றனர், பலர் பிடிபட்டனர். இம்மாணவர்களுக்குக் கழகமும் இல்லை, ஏடும் இல்லை. கேட்க நினைத்ததை வீதியில் நின்று கேட்டார்கள்.

அதற்கு மூன்று நாள் முன்னர், மே 10ஆம் தேதியிட்டு, ஃபஜரின் ஏழாம் இதழ் வெளிவந்தது. ‘ஆசியாவில் ஆக்கிரமிப்பு’ என்பது அதன் தலையங்கம். அவ்விதழ் வந்த நேரத்தைக் கவனிக்க வேண்டும். வியட்நாமில் தியன் பியன் பூ என்னுமிடத்தில் பிரெஞ்சுப் படை வியட்நாமியரிடம் தோற்று வீழ்ந்தது மே 7ஆம் நாள். தென்கிழக்காசியாவுக்கு இராணுவ உடன்படிக்கை ஒன்று வேண்டும் என்று மேலைநாட்டு வல்லரசுகள் பேசிக்கொண்டிருந்த சமயம். அத்தகைய உடன்படிக்கை ஆசிய மக்களின் விடுதலைக்குப் பகையாகும் என்பதே மாணவர் எழுதியதன் சாரம்.

மே 28ஆம் நாள் ஃபஜர் ஆசிரியர் குழுவைச் சேர்ந்த எட்டு மாணவர் கைது செய்யப்பட்டனர். அவர்கள்மீது சுமத்தப்பட்டது தேச நிந்தனைக் குற்றம். எண்மருள் பூ சூ காய், மு. கு. ராஜகுமார் ஆகிய இருவரும் மருத்துவ மாணவர். ஜேம்ஸ் புதுச்சேரி இரண்டாம் முறையாகப் போலீசார் கையில் சிக்கினார். எட்வின் தம்பு, தமிழரான பள்ளியாசிரியர் ஒருவருக்கும் சீனத் தாய்க்கும் பிறந்த மகன்; கவிதை எழுதத் தொடங்கியிருந்த இளைஞர். அருட்சோதி என்பாரும் அவர்களுள் ஒருவர். அப்பெயர் எம்மொழிப் பெயர் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. எங்மால்சினில் இடம் பெறாத நாம் குற்றவாளிக் கூண்டில் இடம் பெற்றுவிட்டோம்!

வழக்கு ஆகஸ்டு 23ஆம் நாள் நீதிமன்றத்தில் எடுத்துக்கொள்ளப்பட்டது. மாணவர்க்காக வாதாட இங்கிலாந்திலிருந்து டி. என். பிரிட் என்னும் புகழ்பெற்ற வழக்கறிஞர் வந்தார். கென்யாவில் ஜோமோ கென்யாட்டாவுக்காக வாதாடியவர் அவர். அவருக்குத் துணையாக நின்றவர் லீ குவான் யூ என்னும் முப்பது வயது வழக்கறிஞர். வழக்கு நீண்ட நாள் நடக்கவில்லை. மூன்றாம் நாளே, அதாவது ஆகஸ்டு 25ஆம் நாளே, நீதிபதி எப். ஏ. சுவா மாணவர் தரப்பின் சாட்சிகளை அழைக்கவும் தேவையில்லை என்று கண்டு எண்மரையும் விடுதலை செய்தார். அதன்பின் இரண்டு வாரத்தில், செப்டம்பர் 8ஆம் நாள், எந்த இராணுவ உடன்படிக்கையைப் பற்றி மாணவர் எழுதினார்களோ அது மணிலா நகரில் கையெழுத்தாகியது. சியாட்டோ என்று உலகம் அறிந்த ஒப்பந்தம் அது.

மே 13 நிகழ்ச்சியில் தண்டனை பெற்ற சீனப்பள்ளி மாணவர் எழுவர்க்காகவும் பிரிட் மேல்முறையீட்டில் வாதாடினார். அங்கே வெற்றி கிட்டவில்லை. ஏட்டிலே எழுதியவர்கள் வீடு திரும்பினர்; வீதியிலே நின்றவர்கள் தோற்றனர். இந்த வேறுபாட்டை நாம் மறத்தல் ஆகாது. முறையாகப் பேச ஓர் அரங்கு இருந்தவர்களுக்குச் சட்டத்தின் முன் நிற்கவும் ஓர் இடம் இருந்தது. சட்டத்தின் எழுத்துகளை வைத்து அவர்கள் எழுத்தை எடைபோட முடிந்தது. அரங்கு இல்லாதவர்களை எடைபோட்டது தடியடிதான்.

இனி, அரங்கைக் கொடுத்தவர்களைப் பற்றி. ஒரே ஆட்சியின் கீழ் ஒரு கை ‘பேசுக’ என்றது. மற்றொரு கை பேசியவர்களைப் பிடித்துச் சென்றது. இதைக் கண்டு நாம் வியப்படைய வேண்டியதில்லை. பேச இடம் தருகிறவர்கள் பெரும்பாலும், இளைஞர் தம்மைப் போலவே பேசுவார்கள் என்று எண்ணித்தான் தருகிறார்கள். ஆயினும் பல்கலைக்கழகத்தைப் பாராட்ட ஒரு காரணம் உண்டு. வழக்கு வந்ததைச் சாக்கிட்டு அது கழகத்தை மூடிவிடவில்லை. கழகமும் ஏடும் தொடர்ந்து நடந்தன. அங்கே வளர்ந்தவர்கள் பல துறைகளில் தலையெடுத்தனர். புதுச்சேரி மீண்டும் 1956இல் சிறை சென்று, சாங்கிச் சிறையிலிருந்தபடியே மலாயாப் பொருளாதாரத்தின் உடைமை யாரிடம் இருக்கிறது என்பதை ஆராய்ந்து ஒரு நூல் எழுதினார். 1960இல் வெளிவந்த அந்நூல் இன்றும் மாணவரால் படிக்கப்படுகிறது. ராஜகுமார் மலாயாத் தொழிற்கட்சியின் தலைவருள் ஒருவராகவும், பின்பு உலகக் குடும்ப மருத்துவர் அமைப்பின் தலைவராகவும் விளங்கினார். தம்பு சிங்கப்பூரின் முதன்மையான ஆங்கிலக் கவிஞரானார். பூ சூ காய் 1963 பிப்ரவரியில் மீண்டும் பிடிக்கப்பட்டுப் பல ஆண்டுகள் விசாரணையின்றிச் சிறையில் கழித்தார். ஃபஜர் 1963இல் தடை செய்யப்பட்டது. கழகத்தின் பதிவு 1971இல் நீங்கியது. அப்பொழுது ஆட்சியிலிருந்தவர் ஆங்கிலேயர் அல்லர். 1954இல் அம்மாணவர்க்காகப் பிரிட்டின் அருகே நின்ற அதே இளம் வழக்கறிஞரின் அரசாங்கம்.

இவ்வளவும் ஆங்கிலம் படித்தவர் கதை. அதே ஆண்டுகளில் தோட்டத்துத் தமிழ்ப் பிள்ளை எங்கே இருந்தது என்று பார்ப்போம்.

பத்துப் பிள்ளைகளுக்கு மேல் உள்ள தோட்டம் பள்ளி நடத்த வேண்டும் என்று 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் விதித்திருந்தது. எத்தகைய பள்ளி என்பதைத் தோட்டத்து நிருவாகம் தீர்மானித்தது. ஆறாம் வகுப்போடு படிப்பு முடியும். அதன்மேல் தமிழிலே படிக்க இடைநிலைப்பள்ளி கிடையாது. ஆறாவது முடித்த பையன் வாளியைத் தூக்கிக்கொண்டு தாயோடு பால்மரக் காட்டிற்குப் போவான். பதின்மூன்று வயதில் அவனுடைய எதிர்காலம் என்பது பிரட்டுக்களத்தில் பெயர் வாசிக்கும்போது ‘ஆஜர்’ என்று சொல்வதோடு தீர்ந்தது.

அந்நிலையில் தமிழ்ப் பத்திரிகைகள் செய்த தொண்டு மிகப் பெரிது. 1950இல் தமிழ் நேசன் ‘கதை வகுப்பு’ ஒன்றைத் தொடங்கியது. சுப. நாராயணன், பைரோஜி நாராயணன் என்னும் இருவர் அதை நடத்தினர். இளம் எழுத்தாளர் பலர் அதிலே பயின்று வந்தனர். கோ. சாரங்கபாணி 1935இல் தோற்றுவித்த தமிழ் முரசு, 1950களில் ‘மாணவர் மணிமன்றம்’ என்ற பகுதியை மாணவர்க்கென்றே வெளியிட்டது. தோட்டங்களிலிருந்தும் பட்டணங்களிலிருந்தும் பிள்ளைகள் அதற்கு எழுதினார்கள். தம் பெயர் அச்சில் வந்த தாளை மடித்துப் பெட்டியில் வைத்துக் காத்தவர்களை நாம் நேரிலே கண்டிருக்கிறோம். ஏட்டிலே பிறந்த மன்றம் ஊர்தோறும் பரவி, இளைஞர் மணிமன்றங்களாக வளர்ந்தது. 1952இல் தொடங்கிய தமிழர் திருநாள், அவ்விளைஞர்க்குப் பேச்சுக்கும் பாட்டுக்கும் நாடகத்திற்கும் மேடை தந்தது. இந்நாட்டுத் தமிழ் எழுத்தாளர், ஆசிரியர், செய்தியாளர் என்று ஒரு தலைமுறையே அங்கிருந்து எழுந்தது.

இரண்டு அரங்குகளுக்கும் இடையே ஒரே ஒரு பாலம் இருந்தது. மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய இயல் துறை அமையப் போகிறது என்றபோது, அதிலே தமிழுக்கு முதலிடம் வேண்டும் என்று சாரங்கபாணி போராடினார். ‘தமிழ் எங்கள் உயிர்’ என்ற பெயரால் நிதி திரட்டினார். தோட்டத் தொழிலாளரும் தம் கூலியிலிருந்து காசு கொடுத்தனர். துறை 1956இல் சிங்கப்பூரில் தொடங்கியது. தம் பிள்ளை ஒருநாளும் மிதிக்க வழியில்லாத வளாகத்தில் தமிழ் நூல்கள் இருக்க வேண்டும் என்று ஆறாம் வகுப்பும் எட்டாத மக்கள் பணம் கொடுத்தார்கள் என்பதை எண்ணும்போது உள்ளம் உருகுகிறது.

ஆனால் அரங்கின் பொருளைப் பார்க்கும்போது ஒரு வேறுபாடு தெரிகிறது. நம் மன்றங்களில் மொழியும் இலக்கியமும் சீர்திருத்தமும் நிறைந்திருந்தன. நாடு யாருடையது, நிலம் யாருடையது, நாளை நாம் எங்கே நிற்போம் என்பவை பெரும்பாலும் பெரியவர்களின் பேச்சாகவே இருந்தன. இளைஞர் கேட்கும் இடத்தில் அமர்ந்திருந்தனர். சாரங்கபாணி ‘குடியுரிமை பெறுங்கள்’ என்று இடைவிடாது எழுதினார். அவர் சொல் எத்துணை உண்மை என்பதைக் காலம் காட்டியது. 1957இல் மலாயா விடுதலை பெற்றதை ஒட்டிய ஆண்டுகளிலேயே பெரிய தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்டன. அதைக் கண்ட துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை நிறுவி, தொழிலாளர் தம் பணத்தால் தோட்டங்களை வாங்க வழி செய்தார். 1969இல் குடியுரிமை இல்லாதவர்க்கு வேலைப் பர்மிட் என்ற நிலை வந்தபோது, இந்நாட்டையே ஊராகக் கொண்டிருந்த ஆயிரமாயிரம் பேர் கப்பலேறினர். துண்டாடலும் குடியுரிமையும் எந்த இளைஞரின் வாழ்வைப் புரட்டினவோ, அவர்களே அவற்றை முன்கூட்டிக் கேட்டுப் பேசி ஆராயும் ஒரு கழகம் தோட்டங்களில் இருந்திருந்தால், மனுத்தாள்கள் இன்னும் சில ஆயிரம் நேரத்தோடு நிரப்பப்பட்டிருக்கும் என்பது என் துணிபு.

மலேசியாவில் பல்கலைக்கழக அரங்கின் கதையும் அதன்பின் நேராகச் செல்லவில்லை. 1971இல் பல்கலைக்கழகங்களுக்கான தனிச்சட்டம் வந்தது. 1974 இறுதியில் பாலிங் வட்டாரத்துச் சிறு ரப்பர்த் தோட்டக்காரர்களின் வறுமைக்காக மாணவர் குரல் எழுப்பியதை அடுத்து, 1975இல் அச்சட்டம் இறுக்கப்பட்டது. 2012இல் சிறிது தளர்ந்தது. 2018 டிசம்பரில் நாடாளுமன்றம் மேலும் தளர்த்தியது. 2019இல் அரசியலமைப்புத் திருத்தப்பட்டு, 2021 டிசம்பர் 15 முதல் பதினெட்டு வயதினர்க்கும் வாக்குரிமை நடைமுறைக்கு வந்தது.

இந்தக் கடைசிச் செய்தி தமிழ்ப்பள்ளி ஆசிரியர்க்கு மிகவும் நெருங்கிய செய்தி. நம்மிடம் ஆறாம் ஆண்டு முடித்து வெளியேறும் பிள்ளைக்குப் பன்னிரண்டு வயது. இன்னும் ஆறே ஆண்டில் அது வாக்காளர். அதற்குள் தன் வாழ்வைப் பற்றி ஒரு வினாவையேனும் சபையிலே எழுப்பிப் பழகியிருக்குமா? நம் பள்ளிகளில் பேச்சுப்போட்டி நடவாத ஆண்டில்லை. தலைப்பை நாம் கொடுக்கிறோம். உரையையும் நாமே எழுதிக் கொடுக்கிறோம். பிள்ளை மனப்பாடம் செய்து, கை எந்த இடத்தில் உயர வேண்டும் என்பதையும் கற்று வந்து ஒப்பிக்கிறது. உச்சரிப்புக்கு மதிப்பெண், குரலுக்கு மதிப்பெண், பாவனைக்கு மதிப்பெண். கருத்து யாருடையது என்பதற்கு மதிப்பெண் தாளில் கட்டம் இல்லை. உச்சரிப்பு வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். ழகரம் தவறினால் எனக்கும் நெஞ்சு வலிக்கும். ஆனால் ஃபஜர் மாணவரை நீதிமன்றத்தில் காத்தது அவர்கள் குரல் வளமன்று. எழுதியது அவர்களுடைய சொந்த எண்ணம். அதற்கு அவர்களே பொறுப்பேற்று நின்றார்கள்.

பயிற்சிக் கல்லூரியில் எங்களுக்கு வினாக் கேட்கும் முறையைப் பல வாரம் கற்பித்தார்கள். மாணவர் வினாவைக் கேட்டுக்கொள்ளும் முறை ஒரே பாடத்தில் முடிந்துவிட்டது. அந்தப் பாடத்தை இப்பொழுது பள்ளியிலேயே படித்துக்கொண்டிருக்கிறேன். எங்கள் பள்ளியில் ஐந்தாம், ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு வெள்ளிக்கிழமைதோறும் ஒரு பாடவேளை ஒதுக்கியிருக்கிறோம். தலைப்பு நாங்கள் தருவதில்லை. தாம் பேச விரும்புவதைச் சீட்டில் எழுதிப் பெட்டியில் போடுகிறார்கள். தலைமை ஏற்பதும் ஒரு பிள்ளையே. ஆசிரியர் பின்வரிசையில் அமர்கிறார், கேட்டாலன்றிப் பேசுவதில்லை. இது ஆசிரியர்க்கு எவ்வளவு கடினம் என்பதைச் செய்து பார்த்தவர்களே அறிவர்.

முதல் இரண்டு வாரம் சீட்டுகளில் ‘ஒற்றுமை’, ‘தாய்மொழிப் பற்று’ என்றே இருந்தன. எங்களுக்குப் பிடிக்கும் என்று எழுதியவை அவை. மூன்றாம் வாரத்திலிருந்து வேறு சீட்டுகள் வந்தன. ‘ஐந்தாம் படிவம் முடித்த அக்காள் ஏன் தொழிற்சாலைப் பேருந்தில் போகிறாள்?’ ‘என் நண்பனுக்கு ஏன் பிறப்புப் பத்திரம் இல்லை?’ ‘தோட்டத்தை விற்றுவிட்டால் நம் பள்ளிக்கூடம் எங்கே போகும்?’ கடைசிச் சீட்டை எழுதியது செம்பனை அறுவடைத் தொழிலாளி ஒருவரின் மகள். அதைப் பற்றி நாற்பது நிமிடம் பேசினார்கள், விடை கிடைக்கவில்லை. விடை தெரிந்தவர் தோட்ட அலுவலகத்தில் இருக்கிறார், அவரை அழைக்கலாமா என்று தலைமையேற்ற பையன் கேட்டான். கடிதத்தை அவர்களே எழுதினார்கள். பள்ளி முத்திரை வைத்து அனுப்பியிருக்கிறேன்.